அவ நின்னப்போ நான் ஏன் நிக்கல

"ஏன் சார் நீங்க நிக்கல?"

இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியான பதில்தான். இப்பவும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனா பதில் சரியா இருக்கிறதுக்கும் மனசு அடங்குறதுக்கும் சம்பந்தம் இல்ல போல, அதான் எழுதி வைக்கிறேன்.

வயலின் கிரேட் எக்ஸாமுக்கு கூட போய் பியானோ வாசிக்கிற வேலை என்னன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். பேர் பிள்ளைங்களுக்கு, வேகம் அவங்க இஷ்டம், தப்பு பண்ணா மூடி மறைக்கிறது நம்ம பொறுப்பு. நான் இந்த வேலையைப் பழகினது சர்ச்ல. கொயர் தடுமாறினாலும் ஆர்கன் நிக்கக்கூடாது, ஆர்கன் நின்னா சபையே நிக்கும்னு எனக்குக் கத்துக் கொடுத்த பெரியவர் சொல்லுவார். அது மண்டையில ஏறி, விரல்ல இறங்கி, இப்ப யோசிக்காமலே நடக்குது.

இந்தக் கேள்வியக் கேட்ட பொண்ணு எக்ஸாமுக்கு எடுத்திருந்த பீஸ், வயலின்காரர் க்ரைஸ்லரோட லவ்ஸ் சாரோ, லீபஸ்லைட்னு சொல்வாங்க, 1905ல பப்ளிஷ் ஆனது. இதைவிட மார்க் சுலபமா வர்ற பீஸ் இருக்கேம்மான்னு கேட்டேன். இல்ல சார் இதுதான் வேணும்னுட்டா. காரணம் யுவர் லை இன் ஏப்ரல்ங்கிற ஜப்பான் கார்ட்டூன் சீரிஸ். அந்த அனிமேல ஹீரோ கோசெய் இதே பீஸை பியானோவுக்கு ரக்மானினோவ் மாத்தி எழுதினத வாசிப்பான், கூட வயலின் வாசிக்க வேண்டிய கவோரி அன்னைக்கு மேடைக்கு வரவே மாட்டா. அவ வராத மேடையில வாசிக்கிற பீஸ் அது. இதைச் சொல்லும்போது பொண்ணுக்கு கண்ணெல்லாம் பளபளங்குது, எனக்கு ஒண்ணும் புரியல, நான் அப்போ அதைப் பாத்ததே இல்ல.

கடைசி ரிகர்சல்ல வில்லுக்கு ரோசின் தேச்சுக்கிட்டே சொன்னா, "சார், கவோரி மொட்டை மாடியில அழுதுட்டே சொல்லுவாளே, நான் உடைஞ்சு போற மாதிரி இருந்தா என்னைத் தாங்கிப் பிடின்னு. அதையேதான் நானும் உங்ககிட்ட கேக்குறேன்." பாதி விளையாட்டுத்தான். நானும் சிரிச்சுட்டு, "அதுக்குத்தானேம்மா காசு வாங்குறேன்"னேன். அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

எக்ஸாம் ரூம்ல அவ பேப்பர் இல்லாம வாசிச்சா. வேண்டாம்னு அவளோட வயலின் மிஸ் சொல்லியும் கேக்கல, அனிமேல யாரும் பேப்பர் வெச்சு வாசிக்க மாட்டாங்க போல. இந்தப் பீஸ்ல ஒரு ஆபத்து இருக்கு. அதே மெட்டு திரும்பி வரும், ஆனா திரும்பி வரும்போது வெளிய போற வழி வேற. மனப்பாடமா வாசிக்கிறவங்க அங்கதான் தொலைவாங்க. அவளும் அங்கதான் தொலைஞ்சா. வில்லு கம்பிக்கு மேல அரை இஞ்சுல அப்படியே நின்னுருச்சு, இடது கை விரல் மூணும் போர்டு மேலயே அமுங்கி இருக்கு, தலை மட்டும் என் பக்கம் திரும்புச்சு. அந்தப் பார்வை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, பயம் மாதிரி இல்ல, எதுக்கோ காத்துட்டு இருந்த மாதிரி.

நான் நிக்கல. இடது கையில அந்த ஒண்ணு ரெண்டு மூணு ஓடிட்டே இருந்துச்சு, சத்தத்த கொஞ்சம் குறைச்சு, வலது கையில அவளோட மெட்ட எடுத்து லேசா கோடு போட்ட மாதிரி வாசிச்சேன், இங்க இருக்கோம் வா, இங்க இருக்கோம் வான்னு. சில பார், அதாவது சில தாளக் கட்டம், கழிச்சு வந்து சேர்ந்தா. எக்ஸாமினர் தலை நிமிரவே இல்ல, எழுதிட்டே இருந்தார். மூணு பீஸும் முடிஞ்சா பியானோகாரன் வெளிய வந்துடணும், ஸ்கேல்ஸ், சைட் ரீடிங்குக்கெல்லாம் அவங்க தனியாத்தான் இருக்கணும், அதனால அவ முகத்த சரியாப் பாக்காமலே வெளிய வந்துட்டேன்.

வெளிய அவ அம்மா தண்ணி பாட்டிலோட நின்னுட்டு இருந்தாங்க. நல்லாப் போச்சு மேடம், ஒண்ணும் பிரச்சனை இல்லன்னு சொன்னேன். அப்புறம் பொண்ணு வந்தா, வயலினைப் பெட்டியில வெச்சு ஜிப்ப இழுத்துட்டே கேட்டாதான் அந்தக் கேள்வி.

"நானும் நின்னிருந்தா ரெண்டு பேரும் நின்ன மாதிரி ஆகியிருக்கும்மா"ன்னேன்.

"அதான் சார் நான் கேட்டேன்"னா.

அன்னைக்கு எனக்கு இது சுத்தமா விளங்கல. சின்னப் பொண்ணு, டென்ஷன்ல ஏதோ பேசுதுன்னு விட்டுட்டேன். ஆனா அந்தப் பார்வை உறுத்திட்டே இருந்ததால வீட்ல உக்காந்து மொத்த 22 எபிசோடும் பாத்தேன். 2014 அக்டோபர்ல ஆரம்பிச்சு 2015 மார்ச்ல முடிஞ்ச சீரிஸ், நவோஷி அரகாவா வரைஞ்ச மாங்காதான் மூலம். இதுல இருந்து வசனங்களை எடுத்து போட்டோல போட்டு ஸ்டேட்டஸ் வைப்பாங்கல்ல, எல்லாம் கவோரி கோசெய்க்கு எழுதின கடைசி லெட்டர்ல இருந்தும் நீ இல்லாத வசந்தம் வரப்போகுதுங்கிற இடத்துல இருந்தும்தான் இருக்கும். எனக்கு அதெல்லாம் கொஞ்சம் திகட்டுச்சு, உண்மையச் சொல்றேன். என்னைப் புடிச்சு உலுக்கினது நாலாவது எபிசோடு.

கவோரிக்கு போட்டி, கூட வாசிக்க கோசெய இழுத்துட்டு வர்றா. பள்ளிக்கூடத்துல பாக்குற இடமெல்லாம் நோட்ஸ ஒட்டி வெச்சு, மதிய சாப்பாட்டு நேரத்துல அதே பாட்ட ஒலிபரப்ப வெச்சு, என்னெல்லாம் பண்றா. பீஸ், இசையமைப்பாளர் சான் சான்ஸோட இன்ட்ரொடக்‌ஷன் அண்ட் ரோண்டோ கேப்ரிச்சியோஸோ. மேடையில உக்காந்து நோட்ஸையே வெறிச்சுப் பாத்துட்டு இருக்கிறவனை தலையால ஒரு முட்டு முட்டி, நிமிர்ந்து என்னைப் பாரு, குனிஞ்சே இருக்கிறதாலதான் நோட்ஸ் எழுதுற அந்த அஞ்சு கோட்டுக் கூண்டுக்குள்ள மாட்டிக்கிறன்னு சொல்லுவா. இத யாரும் ஸ்டேட்டஸ் வைக்க மாட்டாங்க, ஆனா நான் இந்த வேலையில கேட்டதுல இதைவிட நல்ல அட்வைஸ் கிடையாது. அப்புறம் நடுவுல அவனுக்கு தன் பியானோ சத்தமே கேக்காமப் போய் கை நின்னுடும். அவ தனியா வாசிச்சுட்டே போயிருக்கலாம். போகாம அவளும் வில்ல இறக்கிட்டு நிக்கிறா. போட்டியில நடுவுல நின்னா மார்க்குக்கு எடுத்துக்க மாட்டாங்க, அது அவளுக்கும் தெரியும். தெரிஞ்சே நின்னு, அவனைப் பாத்து ஒரே வார்த்தை, அகெய்ன். திரும்ப ரெண்டு பேரும் எடுத்து வாசிச்சு முடிக்கிறாங்க.

அப்பத்தான் புரிஞ்சுது அந்தப் பொண்ணு என்ன எதிர்பாத்து திரும்பினான்னு.

சரி, என் பக்கம் என்னன்னும் சொல்லணும்ல. முதல்ல, அது கதை. கதையில தோத்தாலும் அழகு. இங்க எக்ஸாம் ஃபீஸ் அவங்க அப்பா அம்மா கட்டினது, நான் நின்னு அதனால மார்க் போயிருந்தா என்னைத்தான் கேட்டிருப்பாங்க, நியாயமாவும் கேட்டிருப்பாங்க. ரெண்டாவது, கவோரிக்கு அடுத்த போட்டி இருக்குமான்னே தெரியாது. என்ன வியாதின்னு கடைசி வரைக்கும் பேர் சொல்ல மாட்டாங்க, ஆனா நாள் எண்ணிட்டு இருக்கிறவன்னு பின்னாடி தெரியும். அப்படிப்பட்டவளுக்கு மார்க் என்ன பொருட்டு. இந்தப் பொண்ணுக்கு அடுத்த வருஷம் இருக்கு, அதுக்கடுத்த வருஷமும் இருக்கு, அவ சர்டிஃபிகேட்ட பத்திரமா வெச்சுக்கணும்.

இத எழுதும்போதே எனக்கு இடறுது. அடுத்த வருஷம் இருக்கிறவங்கதானே தைரியமா ஒரு தடவை தோக்கலாம்? நாள் எண்ணிட்டு இருக்கிறவளே ஒண்ண விட்டுக் கொடுத்தான்னா, கைநிறைய வருஷம் வெச்சிருக்கிற நாங்க எதுக்கு ஒரு மார்க்ஷீட்டுக்கு இப்படிப் பதறினோம்? ஆனா இதையும் நான் முழுசா நம்பல. ஒரு பீஸ் நடுவுல நிக்கிறது தைரியம்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா அப்புறம் எல்லாரும் கஷ்டமான பார் வந்தாலே நிப்பாங்க, நான் பாத்திருக்கேன்.

ரிசல்ட் வந்துச்சு. மெரிட், சும்மா பாஸுக்கு ஒரு படி மேல. காமென்ட்ல தடுமாற்றத்தையும் எழுதி, அதுல இருந்து மீண்டு வந்ததையும் பியானோவோட சேர்ந்து போனதையும் பாராட்டி எழுதியிருந்தாங்க. வயலின் மிஸ் போன் பண்ணி, காப்பாத்திட்டீங்க சார்னாங்க. அந்த வார்த்தையை நான் வாங்கி வெச்சுக்கிட்டேன், வேண்டாம்னு சொல்லல. ஆனா காப்பாத்தணும்னு நான் அந்த நேரத்துல நினைச்சேனான்னு யோசிச்சா, இல்ல. எதுவுமே நினைக்கல. விரல் பாட்டுக்குப் போச்சு. நான் எடுத்த முடிவுன்னு சொல்றதெல்லாம் அப்புறமா நான் சேத்துக்கிட்டது. அனிமேல கோசெய்க்கு மனுஷ மெட்ரோனோம்னு, அதாவது தாளம் தட்டுற மெஷின்னு, ஒரு பேர் வெச்சிருப்பாங்க, அம்மா அடிச்சு அடிச்சுப் பழக்கினதால நோட்ஸ்ல என்ன இருக்கோ அச்சு அசலா அத வாசிக்கிறவன். அந்த இடத்துல எபிசோட நிறுத்திட்டு எழுந்து போய் காபி போட்டேன். கவோரி இடத்துல அந்தப் பொண்ணும், மனுஷ மெட்ரோனோம் இடத்துல நானும் இருந்தோம்னு அப்போ தோணுச்சு. ஆனா என்னை முட்டி நிமிர வைக்க அந்த ரூம்ல யாரும் இல்ல, முட்டியிருந்தாலும் எக்ஸாமினர் ரிப்போர்ட் எழுதியிருப்பார்.

லெட்டர்ல இருக்கிற பொய், அதாவது எனக்கு கோசெயோட நண்பன் வதாரிய புடிக்கும்னு கவோரி சொன்ன பொய், அதுக்குத்தான் எல்லாரும் அழறாங்க. நான் அழுதது வேற வரிக்கு. அஞ்சு வயசுல கோசெய் வாசிச்சதைக் கேட்டுட்டு, பியானோவ விட்டுட்டு வயலின் வேணும்னு வீட்ல அடம் பிடிச்சிருக்கா, என்னைக்காவது ஒரு நாள் அவன் தனக்கு பியானோ வாசிக்கணும்னு. அதாவது ஒரு அக்கம்பனிஸ்ட்டுக்காக, கூட வாசிக்கிறவனுக்காக, ஒருத்தி வாத்தியத்தையே மாத்தியிருக்கா. எங்க வேலையப் பத்தி இவ்வளவு மரியாதையா யாரும் எழுதி நான் பாத்ததில்ல, நிகழ்ச்சி நோட்டீஸ்லயே எங்க பேர் சின்ன எழுத்துலதான் வரும்.

இப்ப அந்தப் பொண்ணு அடுத்த எக்ஸாமுக்கு அந்த ரோண்டோ கேப்ரிச்சியோஸோவேதான் வேணும்னு நிக்குது. நீங்கதான் சார் வாசிக்கணும், நான் நின்னா நீங்களும் நிக்கணும், அப்படின்னா சொல்லுங்கன்னு நிபந்தனை வேற. நான் சொன்னேன், அது 1863ல வயலினுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதினது, பியானோ பார்ட் பிசேன்னு இன்னொரு இசையமைப்பாளர் சுருக்கி எழுதினது, அப்போ நான் அங்க ஆர்கெஸ்ட்ரா இடத்துல உக்காந்திருக்கேன், ஒருத்தருக்காக மொத்த ஆர்கெஸ்ட்ராவும் நிக்குமாம்மான்னு. "நீங்க ஒரே ஆள்தானே சார்"னா. ஒத்துக்கவும் இல்ல, முடியாதுன்னும் சொல்லல. நோட்ஸ் மட்டும் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன், இந்தத் தடவை பேப்பர் வெச்சுத்தான் வாசிக்கணும்னு என் பக்கம் ஒரு நிபந்தனை போட்டிருக்கேன், அதுக்கு அவ இன்னும் பதில் சொல்லல.