பக்க எண்கள் சரியாகத்தான் இருந்தன

இன்று மதியம் பக்கத்தைத் திருப்பியபோது, இடையில் ஒரு தாள் கழன்று விழுந்திருக்க வேண்டும் என்று நினைத்து நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடினேன்.

பனிக்கு நடுவே சற்றுமுன் இறந்துபோன வெள்ளிமுடிப் பெண், எதுவும் நடவாததுபோல் மீண்டும் உயிரோடு இருந்தாள்.

அன்னா கவன் எழுதி 1967இல் வெளிவந்த ‘ஐஸ்’ என்னும் ஆங்கில நாவல் அது. உலகத்தைப் பனி மூடிக்கொண்டே வருகிறது. கதைசொல்லிக்கும் பெயரில்லை, அவன் துரத்திச் செல்லும் பெண்ணுக்கும் பெயரில்லை. அணுகுண்டு வெடிப்பே காரணமாக இருக்கலாம் என்ற வதந்தி மட்டும் காதில் விழுகிறது.

முதல் நாற்பது பக்கங்களை எரிச்சலோடுதான் படித்தேன். நடந்தது எது, அவன் கண்ட மாயத்தோற்றம் எது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் எல்லாமே கேள்விக்குறிகளாக இருப்பதைக் கண்டு பென்சிலை வைத்துவிட்டேன்.

அழிவை ஒழுங்கான வரிசையில் சொல்லியிருந்தால், யாருக்கோ நேர்ந்த செய்தியைப்போல் அதைப் படித்துக் கடந்திருப்பேன்; அடுத்த பத்தியையே நம்ப முடியாமல் போனதால்தான் அந்தக் குளிர் என்மேல் ஏறியது.

இன்னும் முப்பது பக்கங்கள் இருக்கின்றன. இரவில் படிப்பதாக இல்லை.