கொரிந்த், மிசிசிப்பி: 55ஆம் ரெஜிமென்ட்காரர்

பிப்ரவரி 4
அடிமையாய்ப் பிறந்த ஒரு கறுப்பினத்தவரின் தாயையும் எஜமானரையும் பழைய பதிவுகளில் தேடுகிறேன். 1870 சென்சஸ், அல்கார்ன் கவுண்டி (மாவட்டம்). வயது 30, பிறப்பு அலபாமா, பண்ணைக் கூலி, எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் 60 வயதுக் கிழவி ஒருத்தி. தாயா, மாமியாரா? உறவுமுறைக் கட்டம் 1880இல்தான் வந்தது. 30, 60 எல்லாம் குத்துமதிப்பு வயது. ஐந்து வருஷம் முன்பின் தேட வேண்டும்.

பிப்ரவரி 6
1860 சென்சஸின்போது அல்கார்னே கிடையாது. 1870இல் திஷோமிங்கோ, டிப்பா இரண்டிலிருந்தும் வெட்டி எடுத்த கவுண்டி. திஷோமிங்கோவின் 1860 அடிமைப் பட்டியலில் உரிமையாளர் பெயர், கீழே வயது, பால், நிறம். ‘20, ஆண், கறுப்பு.’ பெயர் இல்லை. இப்படி எத்தனையோ வரி. பென்சில் குறி மட்டும் போட்டு வைத்தேன்.

பிப்ரவரி 7
அந்தக் கிழவி யார்?

பிப்ரவரி 11
1890 சென்சஸ் பெரும்பாலும் 1921 தீயோடு போயிற்று. 1890இலேயே எடுத்த யூனியன் (உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பு) வீரர், விதவைப் பட்டியலில் அகரவரிசைப்படி கான்சஸ் வரை காணோம், மிசிசிப்பி பிழைத்தது. ஆள் இருக்கிறார்: ‘அலபாமா 1, பி கம்பெனி’. அதே எண் கொண்ட வெள்ளையர் குதிரைப்படை இல்லை. 1863 மே மாதம் கொரிந்தில் திரட்டிய கறுப்பினக் காலாட்படை அது; 1864 மார்ச்சில் 55 என்று எண் மாறியது. சேவைப் பதிவுகள் 55இன் கீழேதான்.

பிப்ரவரி 12
55இல் இந்தக் குடும்பப்பெயரே இல்லை. எரிச்சல்.

பிப்ரவரி 15
எஜமானர் பெயரில் படையில் சேர்ந்து, போருக்குப் பின் தகப்பன் பெயருக்கு மாறியவர்கள் ஏராளம். பெயரை விட்டுவிட்டு, அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் டி289 என்ற பென்ஷன் அட்டைகளை எடுப்பதுதான் வழி. அவை ரெஜிமென்ட், கம்பெனி வாரியாக அடுக்கியவை. பி கம்பெனியை முழுக்கப் படித்து, முதற்பெயர் ஒத்தவர்களைக் குறித்து, பெயர்வரிசை அட்டையான டி288இல் ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்ததில் மாட்டினார். அட்டையிலேயே மாற்றுப்பெயர் இருக்கிறது. விதவை பெயரும் 1880 சென்சஸில் வரும் மனைவி பெயரும் ஒன்று!

பிப்ரவரி 17
பென்ஷன் கோப்புக்கு விண்ணப்பம். முழுக் கோப்புதான் கேட்க வேண்டும். தேர்ந்தெடுத்த தாள்களில் படிவங்களே வரும், விசாரணை அதிகாரி எடுத்த வாக்குமூலங்கள் விட்டுப்போகும். 1907 சட்டப்படி 62 வயதானால் மாதம் 12 டாலர் பென்ஷன். அடிமையாய்ப் பிறந்தவரிடம் பிறப்புச் சான்று ஏது? தோழர்களையும் பழைய எஜமானர் வீட்டாரையும் விசாரித்துத்தான் வயதை முடிவு செய்தார்கள். தாய் பெயர் அங்கேதான் வரும்.

பிப்ரவரி 26
வரவில்லை.

மார்ச் 19
வந்துவிட்டது. தாய் பெயர் இருக்கிறது. 1870 கிழவி அவளில்லை. எஜமானர் இருந்தது அலபாமாவில், பிராங்க்லின் கவுண்டி. திஷோமிங்கோ குறியை அழித்தாயிற்று. பிராங்க்லின் 1860, முதல் பக்கத்திலிருந்து. கோல்பர்ட் கவுண்டி 1867இல் பிராங்க்லினிலிருந்து பிரிந்ததுதான், ஆகவே அந்தப் பகுதியும் இதிலேயே