கண்ணில் பட்டதை வரை

தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எங்கள் உயிரியல் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பி, அந்த வெளிச்சத்தில்தான் றியோ இலையின் ஊதாநிறக் கீழ்த்தோலைப் பார்த்தோம். முகில் மூடினால் பென்சிலை வைத்துவிட்டுக் காத்திருப்போம். "புத்தகத்தில் உள்ளதை வரையாதே, கண்ணில் பட்டதை வரை" என்பார் ஆசிரியர். இலைவாயின் இருபுறமும் உள்ள காவற்கலங்கள் இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டால் அப்படியே வரைய வேண்டும். அழகுக்காகச் சமப்படுத்திய படத்துக்குப் புள்ளி கிடையாது.

இப்போது நான் மூலக்கலங்களோடு வேலை செய்கிறேன். என்புமச்சையிலிருந்து எடுக்கும் மூலக்கலம் என்பாகவும் கசியிழையமாகவும் கொழுப்பாகவும் மாற வல்லது. அதை ஒரு வழியில் திருப்பும் மருந்தை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் கொடுக்கவே ஒளியை நாடுகிறோம். மருந்தை விடுவிக்க ஊதாக்கடந்த கதிர் வேண்டும்; ஆனால் அது தோலைத் தாண்டி ஆழம் போகாது. 980 நனோமீற்றர் செந்நிறக்கீழ்க் கதிர் அதைவிட உள்ளே போகும். இத்தேர்பியம், தூலியம் என்னும் அருமண் உலோகங்கள் கலந்த நனோத் துணிக்கைகள் அந்தக் கதிரை வாங்கி, சக்தி கூடிய ஊதாக்கடந்த கதிராகவும் நீல ஒளியாகவும் உமிழ்கின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை! அந்த உமிழ்வு பட்டதும், துணிக்கையில் மருந்தைக் கட்டிவைத்திருக்கும் பிணைப்பு அறுந்து, மருந்து கலத்துக்குள்ளேயே விடுபடுகிறது.

இதைவிடப் பெரிதாக நான் மதிப்பது பின்தொடர்ந்து பார்க்கும் வழியை. கலம் என்பாகிவிட்டதா என்று அறிய வழக்கமாக அதைக் கொன்று, கல்சியத்துக்கு அலிசரின் சிவப்பு என்னும் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். அதன்பின் அந்தக் கலத்திடம் கேட்க ஒன்றுமில்லை. நாங்களோ துணிக்கையில் ஒரு பெப்தைட்டை, அதாவது குறும் அமினோ அமிலச் சங்கிலியை, கோத்து, ஒளிர்சாயத்தையும் அதன் ஒளியை அணைத்துவைக்கும் மூலக்கூறையும் அதில் பொருத்துகிறோம். என்பாக மாறும் கலம் சுரக்கும் நொதியம் பெப்தைட்டை வெட்டியதும் சாயம் ஒளிர்கிறது. கலமும் உயிரோடு இருக்கிறது. நாளைக்கும் அதையே பார்க்கலாம். இளம் ஆய்வாளர்கள் பிரகாசமான மூலையை மட்டும் படம்பிடித்து வந்தால், ஒளிராத கலங்களையும் எண்ணி வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறேன். அந்தப் பிடிவாதம் எங்கள் ஆசிரியர் தந்தது.

இந்த வழிமுறை நோயாளிகளுக்குப் பயன்பட இன்னும் காலம் எடுக்கும். துணிக்கைகள் ஈரலில் நெடுநாள் தங்கக்கூடும். 980 நனோமீற்றர் கதிரை நீர் உறிஞ்சுவதால் இழையமும் சூடேறும்.

பழைய மாணவர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். கல்லூரி ஆய்வுகூடத்துக்கு ஓர் ஒளிர்வு நுணுக்குக்காட்டி வாங்குவோம். நீல ஒளி பட்ட பச்சையவுருமணி சிவப்பாக ஒளிர்வதை உயர்தரப் பிள்ளைகள் நேரில் காண வேண்டும். விலை அதிகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். என் பங்கை இப்போதே தருகிறேன்.