ஜூவுக்குப் போக 600 எம்எம் லென்ஸ் வேணுமா?

"அண்ணாச்சி, இது எத்தனை எக்ஸ் ஜூம்?" கேமரா கடையில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது இதைத்தான். எக்ஸ் என்பது வெறும் வகுத்தல் கணக்கு. 24 எம்எம்மில் தொடங்கி 2000-ல் முடிந்தால் 83 எக்ஸ் (எம்எம் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). 200-ல் தொடங்கி 500-ல் முடிந்தால் இரண்டரை எக்ஸ். அந்த இரண்டரை எக்ஸ் லென்ஸ் ஒன்று பார்க்கப் பீரங்கி மாதிரி இருக்கும், இரண்டே கால் கிலோ தேறும். ஆக எக்ஸை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. லென்ஸ் எத்தனை எம்எம்மில் முடிகிறது, அந்தக் கடைசியில் எஃப் எண் என்ன (எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்), எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்று மூன்று கேள்வி கேட்டால் போதும்.

நெல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. சிங்கம் புலி படம் எடுக்க நமக்குக் கிட்டத்தில் இருப்பது திருவனந்தபுரம் ஜூ. நாகர்கோவில் வழியாக ரயிலில் போய்விட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம் (திங்கட்கிழமை விடுமுறை, மறந்து போய் நிற்க வேண்டாம்). ஆனால் வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அதே கேமரா பறவை பார்க்கக் கூந்தன்குளத்துக்கும் திருப்புடைமருதூருக்கும், வெளிமான் பார்க்க வல்லநாட்டுக்கும் போகும். ஜூவில் விலங்கு 5 முதல் 30 மீட்டருக்குள் நிற்கும்; மர நிழல், கம்பி வலை, கண்ணாடி எல்லாம் குறுக்கே வரும். குளத்திலோ குறுக்கே ஒன்றும் கிடையாது, வெளிச்சம் கொட்டும், பறவைதான் எட்டாத தூரத்தில் நிற்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே லென்ஸ் என்று தேடினால் இரண்டுக்கும் பாதிப் பொருத்தமான ஒன்றுதான் கையில் வரும். முதலில் ஜூவுக்கு வாங்குங்கள், குளத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கட்சி. காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

சென்சாரின் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, எம்எம்மால் வகுத்தால் படத்துக்குள் அடங்கும் அகலம் மீட்டரில் கிடைக்கும். கிராப் என்கிற நடுத்தர அளவு சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ (கேனானில் 22.3). 300 எம்எம் லென்ஸில் 10 மீட்டர் தள்ளி இருக்கும் புலியைப் பார்த்தால் 23.5 × 10 ÷ 300, அதாவது 78 செ.மீ அகலம். முகமும் தோளும் நிறைந்து நிற்கும். 25 மீட்டரில் கிட்டத்தட்ட 2 மீட்டர். படுத்திருக்கும் புலி முழுசாக அடங்கும். ஜூவில் இதற்கு மேல் எட்ட வேண்டிய இடம் குறைவு.

இப்போது 150-600 லென்ஸை வைத்துப் பாருங்கள். சுவரோரம் 8 மீட்டரில் காண்டாமிருகம் வந்து நிற்கிறது. முழுக்கப் பின்னுக்கு இழுத்து 150-ல் வைத்தாலும் உள்ளே அடங்குவது ஒண்ணேகால் மீட்டர்தான். பாதி மிருகம் வெளியே. சிக்மா 150-600 கன்டெம்பரரி 2.8 மீட்டருக்குள் ஃபோகஸே ஆகாது. பாம்புக் கூண்டுக் கண்ணாடி முன்னால் அதை வைத்துக்கொண்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. கேனான் 55-250 எஸ்டிஎம் 85 செ.மீ கிட்டத்தில் ஃபோகஸ் பிடிக்கும், எடை 375 கிராம். குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நடப்பவருக்கு இந்த எடை வித்தியாசம் மத்தியானம் இரண்டு மணிக்குத் தெரியும்.

ஆக ஜூவுக்கு வேண்டியது கிராப் சென்சார் பாடி (லென்ஸ் மாட்டாத கேமரா) ஒன்று, 250-லிருந்து 400-க்குள் முடியும் ஜூம் ஒன்று. ஆர்50, ஆர்10 மாதிரி கேனான் மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை) வைத்திருப்பவர் அடாப்டர் போட்டு அந்த 55-250-ஐயே மாட்டலாம், அல்லது 635 கிராம் எடையுள்ள ஆர்எஃப் 100-400 எடுக்கலாம். நிக்கான் இசட்50-க்கு 50-250, சோனி ஏ6400-க்கு 70-350. பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆர் என்றால் ஏஎஃப்-பி 70-300. இதில் இரண்டு வகை உண்டு: பெயரில் விஆர் (கை ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசேஷன்) இருப்பது ஒன்று, இல்லாதது ஒன்று. விஆர் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் பாடி ஜூவுக்குக் கட்டாயமில்லை. அதே எட்டுக்கு ஒன்றரை மடங்கு நீள லென்ஸ் வாங்க வேண்டிவரும்.

லென்ஸ் மாற்றும் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் நிக்கான் பி950 பக்கம் போகிறார்கள். 2000 எம்எம்முக்குச் சமமாக எட்டும், ஒரு கிலோதான், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அதன் சென்சார் பரப்பு கிராப் சென்சாரில் 13-ல் ஒரு பங்கு. நல்ல வெயிலில் நிலாவையும் மீன்கொத்தியையும் அருமையாக எடுக்கும். திருவனந்தபுரத்து மர நிழலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 1600 ஏறியதும் சிங்கவால் குரங்கின் பிடரி மயிர் கரைத்துவிட்ட வாட்டர்கலர் மாதிரி ஆகிவிடும். ஒரே பெட்டியில் எல்லாம் வேண்டுமென்றால் சோனி ஆர்எக்ஸ்10 நாலாம் மாடல் பழையதாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். சென்சார் பி950-ஐவிட நாலு மடங்கு பெரிது, 600-க்குச் சமமான ஜூமிலும் எஃப்/4 தரும்.

நிழல் என்று சொன்னேனே, அது எவ்வளவு படுத்தும் என்பதற்கும் ஒரு கணக்கு. அடர்ந்த மரத்தடிக் கூண்டில், ஐஎஸ்ஓ 1600 வைத்தால், எஃப்/6.3-ல் ஷட்டர் வேகம் சுமாராக 1/400 நொடி கிடைக்கும். எஃப்/8-ல் 1/250. எஃப்/2.8 லென்ஸில் 1/2000. தூங்கும் புலிக்கு ஸ்டெபிலைசேஷன் இருந்தால் 1/100 போதும். நடக்கும் விலங்குக்கு 1/500, தாவும் குரங்குக்கு 1/1000 வேண்டும். ஸ்டெபிலைசேஷன் நம் கை ஆட்டத்தைத்தான் அடக்கும். குரங்கின் ஆட்டத்தை அடக்காது. ஆர்எஃப் 100-400 கடைசியில் எஃப்/8 ஆகிவிடும் என்பதால் நிழலில் 300 பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வது நல்லது. 70-200 எஃப்/2.8 வாங்க வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கல்யாண வீட்டு போட்டோகிராபர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் லென்ஸ் அது. தெரிந்தவரிடம் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும்.

ஷட்டர் முன்னுரிமையில் (வேகத்தை நாம் வைப்போம், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) 1/500 வைத்து, ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு மேல் எல்லை 6400 கொடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. கரடி, காட்டெருமை மாதிரிக் கறுத்த உருவம் படம் முழுக்க நிறைந்தால் கேமரா அதைச் சாம்பலாக வெளிறடிக்கும், வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் காம்பன்சேஷனை −0.7 ஆக்குங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். விலங்கு மிரளும், கண்ணாடியில் வெள்ளை வட்டம் விழும், கம்பி பளீரென்று எரியும்.

கம்பி வலை விஷயம்தான் இதில் சூட்சுமம். வலை படத்தில் தெரியாமல் மறைவது லென்ஸின் திறப்பு எத்தனை மி.மீ அகலம் என்பதைப் பொறுத்தது. எம்எம்மை எஃப் எண்ணால் வகுத்தால் திறப்பு. 250 ÷ 5.6 என்றால் 45 மி.மீ. 3 மி.மீ கம்பி அவ்வளவு பெரிய திறப்பை மறைக்க முடியாமல் கரைந்துவிடும். அதே லென்ஸை 55-க்கு இழுத்தால் எஃப்/4-லும் திறப்பு 14 மி.மீதான், கம்பி திரும்ப வந்துவிடும். செல்போனிலும் பி950-ஐ ஜூம் பண்ணாமல் எடுக்கும்போதும் வலை கட்டம் கட்டமாகத் தெரிவது இதனால்தான், அங்கே திறப்பு சில மி.மீ மட்டுமே.

விலங்கு எங்கே நிற்கிறது என்பதும் சேர்த்தி. தடுப்புக்கு வெளியே, வலையிலிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வையுங்கள். விலங்கு 15 மீட்டரில் இருந்தால் கம்பி சுமார் 39 மி.மீ அகலத்துக்குப் பரவிக் கரையும் (45 × 13 ÷ 15). அதே விலங்கு வலைக்கு ஒரு மீட்டர் உள்ளே, அதாவது 3 மீட்டரில் இருந்தால் 15 மி.மீதான் பரவும், முகத்தின் மேல் மங்கலான பட்டை ஓடும். அப்போது மல்லுக்கட்டாமல் அது உள்ளே நகரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தடுப்பே இல்லாமல் வலையை ஒட்டி நிற்க அனுமதி இருக்கும் இடத்தில் லென்ஸ் ஹூடை (முன்னால் மாட்டும் குழல்) வலையருகே கொண்டுபோய், எஃப் எண்ணைச் சின்னதாகவே வைத்து, ஜூமை முழுக்க நீட்டுங்கள். தடுப்பைத் தாண்டிக் கையை நீட்டும் வேலை கூடாது.

இவ்வளவு செய்தும் படம் பால் ஊற்றினாற்போல் வெளுத்திருந்தால் கம்பியில் வெயில் விழுகிறது என்று அர்த்தம். பெயின்ட் அடிக்காத ஜி.ஐ. கம்பி இதில் மோசம். நிழல் விழும் பக்கமாக நகருங்கள், அல்லது கூட வந்தவரை வலைமேல் நிழல் விழும்படி நிற்கச் சொல்லுங்கள். பின்னால் இலைகளுக்கிடையே வெயில் புள்ளிகள் இருந்தால் அந்தப் புள்ளிகளுக்குள் வலையின் கட்டம் அச்சடித்தது போலத் தெரியும். இருட்டான பின்னணி கிடைக்கும் கோணத்தைத் தேடிக்கொள்ளுங்கள். ஆட்டோஃபோகஸ் கம்பியையே கவ்விக்கொண்டு விடாது. மிகச் சின்ன ஒற்றைப் புள்ளி வைத்து ஓட்டை வழியாகக் கண்ணைக் குறிபாருங்கள். அதுவும் மறுத்தால் மேனுவலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கிட்டத்தட்டக் கொண்டுவந்துவிட்டு மறுபடி ஆட்டோவுக்கு விடலாம்.

கண்ணாடிக்கு மடங்கும் ரப்பர் ஹூட் ஒன்று போதும், மலிவுதான். கண்ணாடியைத் துடைத்து, ஹூடை அதன்மேல் அழுந்த வைத்து, நேராகப் பாருங்கள். சாய்த்தால் தடித்த கண்ணாடி படத்தைக் குழப்பும். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) நேராகப் பார்க்கும்போது பிரதிபலிப்பை எடுக்காது, வேறு ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் போனால் பாதி போச்சு) வெளிச்சத்தையும் தின்றுவிடும். வெள்ளைச் சட்டை போட்டுப் போனால் கண்ணாடியில் நீங்கள்தான் தெரிவீர்கள்.

இனி குளம். கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே மரங்களில் சங்குவளை நாரை கூடு கட்டும்; அதற்கு 300 தாராளம். குளத்துக்குள் 80 மீட்டரில் நிற்கும் அதே நாரைக்கு 300-ல் படத்தின் உயரத்தில் கால்வாசிதான் கிடைக்கும், 600-ல் பாதி. வல்லநாட்டு வெளிமான் இன்னும் கூச்சக்காரன். இங்கேதான் நிக்கான் 200-500, சிக்மா, டாம்ரான் 150-600, சோனி 200-600 எல்லாம் காசுக்கு வேலை செய்யும். எல்லாமே இரண்டு கிலோவைச் சுற்றித்தான். தூக்கும்போது லென்ஸின் காலரை (முக்காலியில் மாட்டும் வளையம்) பிடித்துத் தூக்குங்கள், பாடியைப் பிடித்துத் தூக்கினால் லென்ஸ் மாட்டும் மவுன்ட்டுக்குக் கேடு. முக்காலியைவிட ஒற்றைக்கால் மோனோபாட் கரையில் வசதி. இருண்ட கருவேல மரத்துக்கு முன்னால் சின்னதாக நிற்கும் வெள்ளைக் கொக்கின் இறகு வெளுத்து வெடித்துப் போகாமல் இருக்கக் காம்பன்சேஷன் −0.7 அல்லது −1.

600 வாங்கியவர்கள் பாதிப் பேர் "லென்ஸ் ஷார்ப் இல்லை" என்று குறை சொல்வார்கள். எந்த நேரத்தில் எடுத்தது என்று கேளுங்கள். பதினோரு மணிக்கு மேல் நம்ம ஊர்த் தரையிலிருந்து எழும் கானல் 100 மீட்டர் தூரத்தில் இருக்கும் எதையும் நெளியவைத்துவிடும். எந்த விலை லென்ஸும் அதைச் சரிசெய்யாது. காலை எட்டரைக்குள் எடுத்த படத்தை வைத்துத்தான் லென்ஸுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பழையது வாங்குவதாக இருந்தால் செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்புறமிருந்து அடித்து முன்புறமிருந்து பாருங்கள். சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். தூசி நாலைந்து இருந்தால் படத்தில் தெரியாது. ஜூமின் இரண்டு ஓரத்திலும் ஃபோகஸ் சோதியுங்கள், ஸ்டெபிலைசேஷனைப் போட்டுக் கடகடவென்று சத்தம் வருகிறதா என்று காதுகொடுங்கள். டி3100, டி5100 மாதிரிப் பழைய நிக்கான் பாடியில் ஏஎஃப்-பி லென்ஸ் ஃபோகஸே ஆகாது, கையில் இருக்கும் பாடியைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.

பாபநாசம், தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சாரல் மாசத்தில் பூஞ்சைதான் எமன். தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைத்தால் சீக்கிரம் பிடித்துவிடும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. முள் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் சரி. ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கித் திரும்பப் போடலாம், ஆனால் சமையல் வாணலியில் வேண்டாம், நீல ஜெல்லில் கோபால்ட் இருக்கும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறந்தால் கண்ணாடி வேர்த்துவிடும். அரைமணி நேரம் மூடியே வையுங்கள்.