ஒல்லாந்தர் கோயிலும் இடியப்பமும்

நான் பாளையங்கோட்டைக்காரன். வேலைக்காகக் கொழும்புக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கொட்டாஞ்சேனையில் மாடியில் ஓர் அறை. முதல் வாரமே வீட்டுக்கார அக்கா கேட்டார்: "தம்பி வேதக்காரரோ? அப்ப ஒல்லாந்தர் கோயிலுக்குப் போங்கோவன், தமிழ் ஆராதனையும் இருக்கு." வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர் என்று தெரியும். ஒல்லாந்தர் என்றால் டச்சுக்காரர் என்று புரியவே ஒரு நாள் பிடித்தது.

1757-இல் பிரதிஷ்டை ஆன வூல்பெண்டால் கோயில் அது. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் செருப்பைக் கழற்றப் போனேன். வாசலில் ஒரு ஜோடிகூட இல்லை. உள்ளே தரையில் குலச்சின்னம் செதுக்கிய கல்லறைக் கற்கள். யாரோ ஒரு டச்சு அதிகாரியின் பெயர்மேல் நின்றுகொண்டுதான் பாட்டுப் பாடினேன். கூச்சமாகத்தான் இருந்தது.

ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் பெறாதவருக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது, கலியாணமும் சட்டப்படி செல்லாது. 1796-இல் ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்ததும் அந்தக் கட்டாயம் போனது. பெயருக்கு வேதக்காரரானவர்கள் கூட்டம் கூட்டமாகப் பழைய கும்பிடுக்கே திரும்பினார்கள். உத்தியோகத்தோடு வந்த வேதம் உத்தியோகத்தோடு போகாமல் என்ன செய்யும்? ஆனால் அதே ஒல்லாந்தர் சபையில் குருப்பட்டம் பெற்ற தமிழர் பிலிப்பு தெ மெல்லோ. அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759-இல் இதே கொழும்பில் அச்சானது. எங்கள் ஊரில் இந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

துரையும் மிஷன் ஐயரும் ஒரே கப்பலில் வந்தவர்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய சொந்த ஊர் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளை. 1816-இல் அமெரிக்கன் மிஷன் வந்து இறங்கிய இடம். அந்த மிஷனுக்கு 1820-இல் ஜேம்ஸ் கேரட் என்ற அச்சுக்காரர் வந்தார். ஆளுநர் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அவரை இருக்கவே விடாமல் தீவைவிட்டு வெளியேறச் சொல்லிவிட்டார். புது அமெரிக்கர் வரக்கூடாது என்ற தடை 1833 வரை நீடித்தது.

"வெள்ளைக்காரனே வெள்ளைக்காரனைத் துரத்தினவன் தம்பி," என்று அக்கா சிரித்தார். "சரி, உங்கட பாளையங்கோட்டையில இருந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் இங்கிலீசுக்காரரோ?"

"ஜெர்மன்காரர் அக்கா. சர்ச் ஆஃப் இங்கிலாந்தைக் குறை சொல்லி எழுதினார் என்று அவரை அனுப்பிய லண்டன் மிஷன் சங்கமே (சி.எம்.எஸ்.) அவரை 1835-இல் விலக்கிவிட்டது."

"பாத்தீங்களே," என்றபடி என் இடியப்பத்தில் இன்னொரு கரண்டி சொதி ஊற்றினார்.