ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே

செப்டம்பர் 14

சோழவந்தான் பக்கம், வைகைக்கும் பாசன வாய்க்காலுக்கும் இடையில் கிடக்கிற சின்னக் குடியிருப்பு. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லார் வாயிலும் முதலில் வருவது தடுப்புச்சுவர்தான். அதை ஓரமாக வைத்துவிட்டு மட்டம் பார்த்தோம். கொத்தனார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்க வைத்திருக்கும் 20 மீட்டர் டியூப் போதும். உள்ளே ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் அளவு பிசகிவிடும். இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

பிள்ளையார் கோயில் படியைச் சுழியமாக வைத்தோம். சுவர்களில் இருக்கும் பழைய வெள்ளக் கறை படிக்கு மேல் 40 செ.மீ. அங்கன்வாடித் தரை கறைக்கு 15 செ.மீ. கீழே. வாய்க்கால் பாலத்தருகே ஊர்ப்பாதை கறைக்கு 110 செ.மீ. கீழே! வீட்டு வாசலைத் தண்ணீர் தொடுவதற்கு வெகு முன்பே பாதை முழுகி ஊர் தீவாகிவிடும்.

செப்டம்பர் 21

கரை பெரும்பாலும் இடிவது வெள்ளம் ஏறும்போது அல்ல, வடியும்போது. ஊறிய மண் கனத்து நிற்கும். அதுவரை பக்கத்திலிருந்து தாங்கிய ஆற்றுநீர் சட்டென்று இறங்கிவிட்டால் தாங்கல் போய்விடும். அடியில் மணல் அள்ளிய பள்ளம் இருந்தால் பாளம் பாளமாகச் சரியும். சுவரே கட்டினாலும் பின்னால் தேங்கும் நீர் வெளியேறத் துளைகள் விடாவிட்டால் அதுவும் சாயும்.

எனவே ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அடி அகலம் என்று சரிவு வெட்டி, அடியில் கல் அடுக்கி, மேலே வெட்டிவேர். நாற்றுக்கு நாற்று 10 முதல் 15 செ.மீ.; சரிவுக்குக் குறுக்காக வரிசை. ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடிக்க வேண்டும், அதுவரை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். திட்டங்களில் விட்டுப்போவது இந்த ஆள் கூலிதான். கரைமேல் நிற்கும் சீமைக்கருவேலைப் பொக்லைன் வைத்து வேரோடு பிடுங்கினால் அடுத்த மழைக்கே கரை பெயரும். இப்போதைக்கு வெட்டிவிட்டு, துளிரை மட்டும் ஒடித்துக்கொண்டிருப்பது மேல்.

செப்டம்பர் 28

அசாமில் பிரம்மபுத்திராவின் நடுவே உள்ள மாஜுலித் தீவைப் பற்றிப் பேச்சு. 2016-இல் தனி மாவட்டமானது. அரிப்பில் நிலத்தை இழந்துகொண்டே இருக்கிறது. அங்கே மிசிங் மக்கள் மூங்கில் கால்மேல் வீடு கட்டுகிறார்கள். இங்கே அது வேண்டியதில்லை. வைகை வெள்ளம் சில நாளில் வடிந்துவிடும். புது வீடுகளின் பீடத்தைக் கறைக்கு மேல் ஒரு முழம் ஏற்றினால் போதும்.

அக்டோபர் 5

பாதையை உயர்த்தச் சொல்கிறார்கள். வெறுமனே மண் கொட்டி உயர்த்தினால் அதுவே கரையாகி ஊருக்குள் தண்ணீரைத் தேக்கும். அடியில் தண்ணீர் போகக் குழாய் பதித்தால் ஆகாயத்தாமரை வந்து அடைக்கும். பெட்டி போன்ற அகலமான கான்கிரீட் வழி உள்ள பாலமே சரி. செலவு கூடுதல்தான். பணம் வரும்வரை கான்கிரீட் தரைப்பாலமும், இரு ஓரத்திலும் ஆழம் காட்டும் கம்பங்களும்.

அக்டோபர் 12

வெள்ளம் வடிந்ததும் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர்: 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். விட்டம் 3 மீட்டர், நீர் 4 மீட்டர் என்றால் ஏறக்குறைய 28,000 லிட்டர், அதாவது 70 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. மூட்டை திறந்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது.

அக்டோபர் 19

வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. 66, 68.5, 69 அடிகளில் மூன்று எச்சரிக்கை. அதை மட்டும் நம்பியிருக்க முடியாது: மஞ்சளாறும் மருதாநதியும் அணைக்குக் கீழேதான் வைகையில் சேர்கின்றன. அந்தப் பக்கம் மழை கொட்டினால் அணையில் அறிவிப்பு எதுவும் வராமலே ஆறு பெருகும். அதனால் பாலத்துத் தூணில் கோடு போட்டாயிற்று. மஞ்சள் கோட்டைத் தொட்டால் கர்ப்பிணிகளும் முதியவர்களும் மாடுகளும் முதலில் வெளியேற வேண்டும். சிவப்புக்குப் பிறகு பாதையில் யாரும் இறங்கக் கூடாது. இரவில் கோடு பார்க்க டார்ச்சும் முறை ஆளும் வேண்டும். நவம்பர் 1 கிராம சபைக்குப் போகும் பட்டியலில் இது முதல் வரி, தடுப்புச்சுவர் ஏழாவது.