ஊசிதானே!

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், ஒரு கண் மருத்துவமனையின் அறுவை அரங்கில் செவிலியராக இருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்களுக்கு ஓய்வே கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சும்மாதானே இருக்கிறோம், கண்ணை இப்போதே பார்த்துவிடுவோம் என்று பாம்பன், தங்கச்சிமடம், தொண்டிப் பக்கமிருந்தெல்லாம் புரை முற்றியவர்கள் வந்து சேர்வார்கள்.

அவர்களுக்குக் கத்தியை நினைத்துத்தான் பயம். "கண்ணுக்குள் கத்தியை விடுவீர்களா தாயி?" என்று கேட்காத பெரியவர்கள் குறைவு. ஊசியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. என் கவலையோ முழுக்க முழுக்க ஊசியில்தான். கத்தி படுகிற கருவிழியிலும், புரை விழுந்ததால் எடுக்கப்போகிற லென்ஸிலும் ரத்தக் குழாயே கிடையாது. மரத்துப்போவதற்கான மருந்தைக் கண்ணுக்குப் பின்னால் செலுத்துகிறோமே, அந்த இடம் அப்படியல்ல.

சொட்டு மருந்திலேயே முடிகிற அறுவைகள் இப்போது நிறைய. ஆனாலும் கல்லாக இறுகிய புரை, கண்ணை அசைக்காமல் வைத்திருக்க முடியாத ஆள் என்றால் ஊசி தேவைப்படுகிறது. கண்குழியின் கொள்ளளவே சுமார் 30 மில்லிலிட்டர்தான். அதில் 7 மில்லிலிட்டர் அளவு விழி எடுத்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் கொழுப்பு, தசைகள், பார்வை நரம்பு, ரத்தக் குழாய்கள். கழுத்தின் உட்பெருந்தமனியிலிருந்து பிரிகிற கண் தமனி, பார்வை நரம்போடு ஒரே எலும்புத் துளை வழியாக உள்ளே வருகிறது. பெரும்பாலோருக்கு அது நரம்பின் மேலாகக் கடந்து மூக்குப் பக்கம் போகும். சிலருக்கு அடியில் போகும். விழித்திரைக்கு ரத்தம் தருகிற மெல்லிய கிளை, விழிக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பின்னால், நரம்புக்குள் கீழிருந்து நுழைகிறது. மேலே, மூக்கை ஒட்டிய மூலையில் குழாய்கள் நெருக்கமாக இருக்கும். கீழே, காதுப் பக்க மூலையில் நெருக்கம் குறைவு. ஊசி அங்கே போடப்படுவதற்கு அதுதான் காரணம்.

எங்கள் மூத்த மருத்துவர் படித்த காலத்தில், ஊசி போடும்போது "மேலே, மூக்குப் பக்கம் பாருங்கள்" என்று சொல்லச் சொன்னார்களாம். அப்படிப் பார்த்தால் பார்வை நரம்பு ஊசியின் பாதைக்கே நகர்ந்து வருகிறது என்பதை 1981இல் சிடி ஸ்கேன் ஆய்வு காட்டிவிட்டது. இப்போது நேராகப் பார்க்கச் சொல்கிறோம். பழைய வாசகம் இன்னும் சில நாவுகளில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் அரிதாக ரத்தம் கசியும். சுற்றிலும் எலும்பு, கசிந்த ரத்தம் போக வழியில்லை. அது விழியை நெருக்கி அழுத்தம் ஏறினால், விழித்திரைக்குப் போகும் ரத்தமே நின்றுவிடலாம். ஒரு தடைக்காலத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். ஊசியை எடுத்த சற்று நேரத்தில் அந்தப் பெரியவரின் விழி முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. இமை விறைத்துத் திறக்க முடியாமல் போனது. மருத்துவர் விரலால் தொட்டுப் பார்த்தார். கண் கல்லாக இருந்தது. அழுத்திப் பிடித்தும் இறுக்கம் குறையவில்லை. கத்தரிக்கோலை வாங்கி, கண்ணின் வெளி ஓரத்தை வெட்டி, கீழிமையை எலும்போடு கட்டியிருக்கும் நாரையும் அறுத்துவிட்டார். இமை தளர்ந்தது, அழுத்தம் இறங்கியது, பார்வை தப்பியது. புரை அறுவையை வேறொரு நாளுக்குத் தள்ளி வைத்தோம்.

"ஊசிதானே போட்டீர்கள், இந்த வெட்டுக்காயம் எப்படி வந்தது?" என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு விளக்க எடுத்த நேரம், வெட்ட எடுத்த நேரத்தைவிட அதிகம்.

மதுரைக்கு அனுப்பியிருக்கலாமே என்று சொல்பவர்கள் உண்டு. குரங்குகளில் செய்த ஆய்வில், ரத்த ஓட்டம் முற்றிலும் நின்ற விழித்திரை சுமார் 97 நிமிடம் வரைதான் சேதமின்றித் தாங்கியது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குச் சாலை வழியே 170 கிலோமீட்டர் வரும். ஆம்புலன்ஸ் எவ்வளவு பறந்தாலும் கணக்கு உதைக்கிறது. ஆகவே ஊசி போடுகிற எல்லா நாளும் அந்தக் கத்தரிக்கோல் தட்டில் இருக்க வேண்டும் என்பதில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை.

மாத்திரை விசாரணையும் என் பொறுப்பு. "ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் பதில் "இல்லை". "நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தீர்களா?" என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிற மனைவி பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுப்பார். உள்ளே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல். இரண்டும் நான் கேட்ட அதே ரகம். சிலர் நல்லது செய்வதாக நினைத்துத் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு வருவார்கள். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் அப்படிச் செய்வது, நாங்கள் பயப்படுகிற ரத்தக்கசிவைவிட ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால் போதும். சொட்டு மருந்தோ மழுங்கிய முனைக் குழலோ கொண்டு ஊசியைத் தவிர்க்க அவருக்கு வழி இருக்கிறது.

ஊசியின் நீளம் 31 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. 38 மில்லிமீட்டர் ஊசி சிலருக்குக் கண்குழியின் அடி முனையையே எட்டிவிடும். நரம்பும் தமனியும் நெருங்கி நிற்கும் இடம் அது. ஆனாலும் மருந்துக் கிடங்கிலிருந்து அவ்வப்போது நீள ஊசிப் பெட்டி வந்துவிடுகிறது. திருப்பி அனுப்புகிறேன். "ஏழு மில்லிமீட்டருக்கா இவ்வளவு சண்டை, சிஸ்டர்?" என்று கிடங்குக்காரர் அலுத்துக்கொள்வார். ஆமாம், அதற்குத்தான்.